பழைய பக்கப்படிக்கு என்ன விலை தரலாம்?

உயரமான வண்டியொன்றில் ஏறுகிறவனுடைய முதல் அடி எதன்மீது விழுகிறது என்பதைப் பற்றி, அந்த வண்டியின் எஞ்சினைக் குறித்தும் சக்கரங்களைக் குறித்தும் மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள்கூட அதிகமாகச் சிந்திப்பதில்லை. கதவுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் நீளவாட்டில் பொருத்தப்படும் அந்தச் சாதனத்தை நம் ஊர்ப் பட்டறைகளில் சைடு ஸ்டெப் என்றும் ஃபுட் ஸ்டெப் என்றும் சொல்கிறார்கள். இக்கட்டுரையில் அதைப் பக்கப்படி என்று வைத்துக்கொள்வோம். காடுமேடுகளில் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட மஹிந்திரா தார் போன்ற வண்டிகள் சாலைகளில் பெருகியபின், ஒருவர் கழற்றிப்போட்ட பக்கப்படியை இன்னொருவர் வாங்குவதும், வாங்கியதை வெட்டியும் பற்றவைத்தும் தம் வண்டிக்கு இசைவாக்குவதும் சர்வசாதாரணமாகிவிட்டன. ஆனால் அதற்கு விலை பேசும்போது பெரும்பாலோருடைய கண் குழாயின் பளபளப்பிலேயே நின்றுவிடுகிறது. அந்தக் குழாய் வண்டியோடு சேரும் இடத்தில்தான், அதாவது பிராக்கெட்டிலும் போல்ட்டிலும் பற்றவைப்பிலும்தான், அதன் பெறுமானம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்ற உண்மையை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மோட்டார் வண்டியின் ஆதி நாட்களில் பக்கப்படி இல்லாத வண்டியே அபூர்வம். குதிரை வண்டியின் அமைப்பைத் தழுவி, உயர்ந்த சட்டத்தின்மேல் குறுகலான உடலைப் பொருத்திய அக்காலத்துக் கார்களில், 1908-இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி உட்பட, முன் மட்கார்டையும் பின் மட்கார்டையும் இணைத்து ஓடிய நீண்ட பலகையே ஏறுபடியாக இருந்தது. 1930-களின் இறுதியிலிருந்து கார்களின் உடல் அகன்றும் தரையை நோக்கித் தாழ்ந்தும் வரவே, அந்தப் பலகைக்கு இடமும் அவசியமும் இல்லாமற்போயின. இரண்டாம் உலக யுத்தத்துக்காக 1941 முதல் பெருமளவில் உற்பத்தியான வில்லிஸ் ஜீப்பிலோ, படைவீரன் ஒரே தாவலில் ஏறவும் குதித்து இறங்கவும் வேண்டும் என்பதே பிரதானமாதலால், அத்தகைய படிக்கு வேலையே இருக்கவில்லை. அந்த ஜீப்பின் வம்சத்தைத்தான் 1947 முதல் மஹிந்திரா நிறுவனத்தார் நம் தேசத்தில் பூட்டி விற்கத் தொடங்கினார்கள். அதன் வழித்தோன்றலாக 2010-இல் தார் வந்தது. 2020-இல் அது புதிய உருவம் பெற்றது. படைவீரனுக்காகப் பிறந்த வண்டி குடும்பத்தின் வண்டியாக மாறியபோது, சேலை கட்டிய பெண்மணியும், முழங்கால் வலியுள்ள பெரியவரும், பள்ளிக்கூடப் பையுடன் குழந்தையும் அதில் ஏற வேண்டியதாயிற்று. விலகிப்போன பக்கப்படிக்கு மறுபடியும் அழைப்பு வந்தது.

பழைய பக்கப்படிகள் சந்தைக்கு வருவதற்குக் காரணமும் இந்த இரட்டை வாழ்க்கைதான். ஒரே வண்டியைப் பாறையும் சேறும் நிறைந்த பாதையில் ஓட்ட வாங்கியவருக்குத் தாழத் தொங்கும் படி ஓர் இடைஞ்சல். வீட்டாருடன் கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் போக வாங்கியவருக்கு அதே படி ஓர் அத்தியாவசியம். முன்னவர் புது வண்டியோடு வந்த படியைக் கழற்றி விற்கிறார். பின்னவர் அதைத் தேடி வாங்குகிறார். விபத்தில் சிக்கிப் பிரிக்கப்பட்ட வண்டிகளிலிருந்து கிடைக்கும் படிகளும் உண்டு. சென்னைப் புதுப்பேட்டையைப் போல, பழைய மோட்டார் உறுப்புகளுக்கென்றே பெயர்பெற்ற கடைத்தெருக்களில் அவை வந்து சேருகின்றன. உபயோகிக்காமல் கழற்றிய படியும், மோதிய வண்டியிலிருந்து அறுத்தெடுத்த படியும் புதுச் சாயம் பூசிப் பக்கத்தில் பக்கத்தில் சாத்தி வைக்கப்பட்டால், பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பு வாங்குகிறவருடையது.

படி வேறு, கவசம் வேறு

முதலில் ஒரு பேதத்தைத் தெளிவாக்கிக்கொள்வது அவசியம். கால் வைப்பதற்காகச் செய்யப்பட்ட படி ஒரு ஜாதி. பாறையின்மேல் வண்டியின் அடிப்பக்கம் உரசி இறங்கும்போது கதவுக்குக் கீழுள்ள தகடு நசுங்காமல் காப்பதற்காகச் செய்யப்பட்ட ராக் ஸ்லைடர் இன்னொரு ஜாதி. உருவத்தில் இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும், தாங்க வேண்டிய பாரத்தில் இரண்டுக்கும் பெரும் தூரம் உண்டு. அந்தத் தூரத்தை ஒரு சிறு கணக்கினால் பிரத்தியட்சமாகக் காணலாம்.

வண்டியின் அடிச்சட்டமாகிய சேசிஸிலிருந்து 20 சென்டிமீட்டர் வெளியே நீண்டிருக்கும் ஒரு படியின் விளிம்பில் 80 கிலோ எடையுள்ள ஒருவர் நிற்கிறார் என்று கொள்வோம். பிராக்கெட்டைச் சேசிஸோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டுகள் மேலும் கீழுமாக 6 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால், நெம்புகோலின் விதிப்படி, மேல் போல்ட்டைப் பிடுங்க முயலும் விசை 80-ஐ 20-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்த தொகையாகும். அதாவது சுமார் 267 கிலோ. அவர் நிதானமாக ஏறாமல் தாவி ஏறினால் அது இரட்டிப்பாகி 530 கிலோவை எட்டும். எம்8 என்ற அளவில், 8.8 என்று தலையில் முத்திரையிட்ட ஒரு நல்ல போல்ட் சுமார் 2,100 கிலோ வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். ஆகவே மனிதனுடைய பாரம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் ஒன்றே முக்கால் டன் அளவுள்ள வண்டியின் பாதி எடை, பாறை ஒன்றின்மேல் இறங்கும் கணத்தில், அதே பிராக்கெட்டின் மேல் விழுந்ததென்றால், இம்முறை கீழ் போல்ட்டை இழுக்கும் விசை ஏறத்தாழ 2,900 கிலோவாகிவிடும். போல்ட் நீளும், அல்லது அறும். அதற்கு முன்பே மெல்லிய பிராக்கெட் வளைந்து கதவின் அடித்தகட்டைக் குத்தும். காப்பாற்றுவதற்காகப் பூட்டிய பொருளே சேதம் விளைவிக்கும் கருவியாக மாறுவது இப்படித்தான்.

ஆதலால், விற்கிறவர் எதைச் சொல்லி விற்கிறார் என்பதும் வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார் என்பதும் முதற்கேள்வியிலேயே பொருந்த வேண்டும். ஏறுவதற்கு மட்டும் செய்த படிக்குக் கவசத்தின் விலையைக் கொடுப்பது நஷ்டம்; அதைக் கவசமென்று நம்பிப் பாறைமேல் ஏற்றுவது அபாயம். அவ்விதமே, வண்டியைத் தூக்கும் உயரமான ஜாக்கியைச் சாதாரணப் படியின் கீழ் வைத்து உயர்த்தலாம் என்று எண்ணுவதும் உயிருக்கே ஆபத்தானது; படி வளைந்து ஜாக்கி நழுவினால், கீழே இருக்கிறவருக்கு விலகுவதற்கு அவகாசம் கிடைக்காது.

ஒரே பெயர், மூன்று வண்டிகள்

பக்கப்படி வியாபாரத்தில் ஏமாற்றமென்று கருதப்படுபவற்றுள் பெரும்பகுதி உண்மையில் பொருத்தமின்மையே. தார் என்ற ஒரே பெயரில் இன்று மூன்று வேறு வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2010-இல் வந்த பழைய தாரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம் 2,430 மில்லிமீட்டர். 2020-இல் வந்த மூன்று கதவுத் தாருக்கு அது 2,450. 2024-இல் ஐந்து கதவுகளோடு வந்த தார் ராக்ஸுக்கோ 2,850. முதலிரண்டுக்கும் இடையே 20 மில்லிமீட்டர்தானே வித்தியாசம் என்று எண்ணி, ஒன்றின் படியை மற்றொன்றில் பூட்டிவிடலாம் என்று நினைப்பது தவறு. அவை உடலமைப்பிலும் சேசிஸிலும் வெவ்வேறு வண்டிகளாதலால், பிராக்கெட் வந்து உட்காரும் துவாரங்களின் ஸ்தானமே வேறு. மூன்றாவதன் படியோ, குறுகிய வண்டியில் பூட்டினால் சக்கரத்துக்குள்ளேயே நுழைந்துவிடும் அளவுக்கு நீளமானது.

எனவே, வாங்கப் போகிறவர் தம்முடன் கொண்டுபோக வேண்டியது மூன்று அளவுகள்: முன் டயரின் பின் விளிம்பிலிருந்து பின் டயரின் முன் விளிம்பு வரையுள்ள நீளம், சேசிஸில் ஏற்கெனவே அமைந்திருக்கும் துவாரங்களுக்கிடையே உள்ள தூரங்கள், சேசிஸின் பக்கவாட்டிலிருந்து கதவின் வெளி விளிம்பு வரையுள்ள அகலம். முதல் அளவை எடுக்கும்போது முன் சக்கரத்தை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்த்தே எடுக்க வேண்டும். நேராக நிற்கும் சக்கரத்துக்கு இடைஞ்சல் இல்லாத படி, திரும்பிய சக்கரத்தில் உரசக்கூடும். இந்த மூன்று அளவுகளையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு போகிறவருக்கு, கடைக்காரருடைய வாய்மொழி உறுதி தேவைப்படாது.

கையில் எடுத்துப் பார்க்கும் முறை

பொருத்தம் உறுதியானபின் பரிசோதனை. முதற் பரிசோதனை எடை. 48 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள இரும்புக் குழாய், அதன் சுவர் 1.6 மில்லிமீட்டர் தடிப்பாக இருந்தால் மீட்டருக்குச் சுமார் 1.8 கிலோ நிறுக்கும், சுவர் 3.2 மில்லிமீட்டராக இருந்தால் ஏறத்தாழ 3.5 கிலோ நிறுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. பூச்சு ஏறியபின் முனைகளும் மூடப்பட்டுவிட்டால் உள்ளே எவ்வளவு இரும்பு இருக்கிறதென்று கண்ணால் அறிய வழியில்லை. தராசு ஒன்றுதான் அங்கே சாட்சி. எந்தப் பழைய இரும்புக் கடையிலும் தராசு இருப்பதால், நிறுத்துக் காட்டும்படி கேட்பதில் யாருக்கும் சங்கடம் வேண்டியதில்லை.

இரண்டாவது, துரு. படியின் துரு வெளியிலிருந்து தொடங்குவதைவிட உள்ளிருந்து தொடங்குவதே மிகுதி. ஆற்றைக் கடக்கும்போதும் சேற்றில் இறங்கும்போதும் குழாயின் முனைவழியாகப் புகுந்த நீர், வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, அடிப்பகுதியை மெல்ல மெல்லத் தின்றுவிடுகிறது. ஆகவே படியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் அடிப்பக்கத்தை ஒரு சிறு சுத்தியலால் நெடுகத் தட்டிக்கொண்டே போக வேண்டும்; கணீரென்ற ஒலி எங்கே மந்தமாகிறதோ அங்கே ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து அழுத்திப் பார்த்தால், இரும்பு மிஞ்சியிருக்கிறதா, சாயம் மட்டும் மிஞ்சியிருக்கிறதா என்பது விளங்கிவிடும். பவுடர் கோட்டிங் செய்த படியில் கொப்புளங்கள் தென்பட்டால், பூச்சுக்கடியில் துரு பரவிவிட்டது என்று கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பற்றவைப்பு. குழாயும் பிராக்கெட்டும் சேரும் மூலையில் மயிரிழை போன்ற விரிசல் இருக்கிறதா என்று துணியால் துடைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விரிசலின் வழியே துருநீர் கசிந்து பழுப்புக் கோடு ஒன்று படிந்திருக்கும். நான்காவது, வளையாமை. நேரான குழாயுள்ள படியானால், இரு முனைகளிலும் நூலைப் பிடித்து இழுத்தால் வளைவு இருந்த இடம் தெரிந்துவிடும். இரு பக்கத்துப் படிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிட்டாலும் தெரியும். பிராக்கெட்டின் துவாரங்கள் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவாக நீண்டிருந்தால், அந்தப் படி தளர்ந்த போல்ட்டுடன் நெடுநாள் ஆடிக்கொண்டிருந்தது என்றோ, பொருந்தாத வண்டியில் பலவந்தமாகப் பூட்டப்பட்டிருந்தது என்றோ ஊகிக்கலாம்.

பளபளக்கும் படிகளைப் பற்றி ஒரு வார்த்தை. காந்தத்தை வைத்துப் பார்த்து, அது ஒட்டாவிட்டால் உயர்ந்த ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று முடிவுகட்டுவது வழக்கம். காந்தம் பலமாக ஒட்டினால், குரோம் பூசிய சாதாரண இரும்பாக இருக்கலாம் என்று சந்தேகிப்பது நியாயமே. ஆனால் ஒட்டாததனால் மட்டும் அது 304 என்ற உயர்ந்த ரகம் என்று ஆகிவிடாது. விலை குறைந்த 202 ரகத்திலும், அலுமினியத்திலும் காந்தம் ஒட்டுவதில்லை. கடற்கரை ஊர்களில் உபயோகித்த படியானால், பளபளப்புக்கிடையே ஊசிமுனை போன்ற துருப்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது காந்தத்தைவிட நல்ல பரீட்சை.

விலையின் தரையும் கூரையும்

இவ்வளவும் பார்த்தபின் விலை. பழைய பொருளின் விலைக்கு ஒரு தரையும் ஒரு கூரையும் உண்டு. காயலான் கடைக்காரர் எடைபோட்டுக் கொடுக்கும் விலை தரை. அதற்குக் கீழே விற்க எவருக்கும் அவசியமில்லை. கூரையை நிர்ணயிப்பவை இரண்டு: ஒன்று, அதே படியைப் புதிதாக வாங்கிப் பூட்டினால் ஆகும் மொத்தச் செலவு, மற்றொன்று, உள்ளூர் வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்துப் புதிதாகச் செய்வித்தால் ஆகும் செலவு. இவ்விரண்டில் எது குறைவோ அதுவே உண்மையான கூரை. கோயம்புத்தூரைப் போல, திறமைமிக்க பட்டறைகள் மலிந்த ஊர்களில் இரண்டாவது கூரை தாழ்ந்திருப்பது இயல்பு; அங்கே பழைய படிக்கு அதிக விலை கேட்பதற்கு இடமில்லை.

கூரையிலிருந்து கீழே இறங்கும் வழியைக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவையேயன்றி இன்றைய சந்தை விலைகள் அல்ல. புதுப் படி ஒரு ஜோடி 12,000 ரூபாய் என்று கொள்வோம். பழைய ஜோடியில் ஒரு பிராக்கெட் இல்லை, அதைச் செய்விக்க 1,500. பழைய பூச்சைச் சுரண்டி மறுபடி பூச 1,200. போல்ட், நட்டு, வாஷர் அனைத்தும் புதிதாக வாங்க 300. நீளமான பொருளாதலால் லாரி பார்சலில் வந்து சேர 500. ஆக, பழையதைப் புதியதற்குச் சமமாக்க 3,500 ரூபாய் ஆகிறது, மிஞ்சுவது 8,500. இதிலிருந்து, கழிந்துபோன ஆயுளுக்காகவும், உத்தரவாதம் என்பது இல்லாமற்போனதற்காகவும் மூன்றிலொரு பங்கைக் கழிப்பது நியாயம் என்பது என் அபிப்பிராயம். அப்போது விலை சுமார் 5,700 ரூபாயில் வந்து நிற்கும். ஜோடி 18 கிலோ நிறுத்து, பழைய இரும்பு கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தரை 540 ரூபாய். இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையேதான் பேரம் நடக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. குழாயில் விழுந்த கீறலுக்கும் நிறம் மங்கியதற்கும் கழிக்க வேண்டிய தொகை பூச்சுச் செலவோடு நின்றுவிடும். ஒரே ஒரு பிராக்கெட் காணாமற்போனதற்குக் கழிக்க வேண்டிய தொகை அதனினும் அதிகம். பிராக்கெட்டுகளே இல்லாத படி, எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும், ஏறத்தாழக் குழாயின் விலைக்கே பெறும். கீறல் விழுந்து மங்கிய படியாயினும், கம்பெனி பிராக்கெட்டுகள் முழுமையாகவும் வளையாமலும் இருந்தால், அதற்குச் சற்று அதிகமாகவே கொடுக்கலாம். விற்கிறவர்களுக்கும் இதிலிருந்து ஒரு யோசனை கிடைக்கிறது: படியைக் கழற்றும்போது போல்ட்டுகளையும் பிராக்கெட்டுகளையும் இடப்பக்கம் வலப்பக்கம் என்று சீட்டுக் கட்டி, ஒரே பையில் பத்திரப்படுத்தி வைத்தால், பூச்சு வேலைக்குச் செலவழிக்காமலேயே நல்ல விலை கிடைக்கும்.

மாற்றியமைப்பதன் விதிகள்

அளவில் சிறிது மாறுபடும் படியை வாங்கித் தம் வண்டிக்கு இசைவாக்க விரும்புகிறவர், குழாயைத் தொடாமல் பிராக்கெட்டை மட்டும் மாற்றிக் காரியம் முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் முடியும். சேசிஸில் அமைந்துள்ள துவாரங்களுக்கு ஏற்ப, 5 அல்லது 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகட்டில் புதுப் பிராக்கெட்டுகளை வெட்டி, முதலில் வண்டியில் தளர்வாகப் பூட்டி, படியை அவற்றின்மேல் நிறுத்தி, இரு பக்கமும் ஒரே உயரத்தில் இருப்பதைச் சரிபார்த்து அடையாளமிட்டு, பிறகு எல்லாவற்றையும் வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்துப் பற்றவைப்பதே உத்தமமான முறை. வண்டியில் வைத்தபடியே பற்றவைப்பது தவிர்க்க முடியாததாக இருந்தால், பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்ட பிறகே தொடங்க வேண்டும். வெல்டிங் மின்சாரம் வழிதவறினால் வண்டியின் மின்னணுக் கருவிகள் பாழாகலாம். எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் கம்பிக் கட்டுகளும் சேசிஸை ஒட்டியே ஓடுகின்றன என்பதையும் மறக்கலாகாது.

சேசிஸில் புதிதாகத் துளையிடுவது கூடியவரை வேண்டாம். பாரம் தாங்கி வளையும் எந்த விட்டத்திலும் அதன் மேல் விளிம்பும் கீழ் விளிம்புமே அதிகமான விசையை ஏற்கின்றன. நடுப்பகுதியில் அது குறைவு. கீழ் விளிம்பில் போட்ட ஒரு துளை, பல வருஷங்களுக்குப் பிறகு விரிசலாக வளர்ந்து வெளிப்படலாம். அதைவிட முக்கியமான விதி, ஒரே படியின் ஒரு பிராக்கெட்டைச் சேசிஸிலும் மற்றொன்றை உடலிலும் பிணைக்கக் கூடாது என்பது. தாரைப் போன்ற வண்டிகளில் உடல், ரப்பர் மெத்தைகளின்மேல் சேசிஸோடு பொருத்தப்பட்டிருக்கிறது. மேடு பள்ளத்தில் சேசிஸ் முறுகும்போது உடல் தனியே சிறிது அசைந்துகொள்வதற்காகவே அந்த ஏற்பாடு. இரண்டையும் படியினால் இறுகக் கட்டிவிட்டால், அந்த அசைவு முழுவதும் ஏதோ ஒரு பற்றவைப்பின்மேல் இறங்கும். முதலில் கிறீச்சென்ற ஓசை, பிறகு தகட்டில் விரிசல். பாரம் தாங்க வேண்டிய படிக்குச் சேசிஸே சரியான ஆதாரம்.

படியின் உயரத்தை நிர்ணயிப்பதில் இரு நியாயங்கள் எதிரெதிராக நிற்கின்றன. ஏறுகிறவருக்கு, தரைக்கும் வண்டியின் தளத்துக்கும் நடுவே படி இருந்தால் சௌகரியம். வண்டி ஒரு மேட்டின் முகட்டைக் கடக்கும்போதோ, படி எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது. புதிய மூன்று கதவுத் தாரின் அச்சிடைத் தூரத்தில் பாதி 1,225 மில்லிமீட்டர். சக்கரத்தின் வளைவைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், நடுவில் 350 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும் படி சுமார் 32 பாகை முகட்டைத் தொடாமல் கடக்கும். அதே படியை 250 மில்லிமீட்டருக்குத் தாழ்த்தினால் 23 பாகையிலேயே தட்டிவிடும். 100 மில்லிமீட்டர் தாழ்த்தியதற்கு ஒன்பது பாகை நஷ்டம். ஆகவே வயோதிகருக்காகத் தாழ்த்த வேண்டிய வீட்டில், நீளம் முழுவதையும் தாழ்த்தாமல், கதவுக்கு நேரே மட்டும் கழற்றி மாட்டக்கூடிய ஒரு சிறு கீழ்ப்படியை அமைத்து, மலைப்பாதைக்குப் போகுமுன் அதை எடுத்துவிடுவது இரு நியாயங்களுக்கும் இசைந்த யுக்தி.

பற்றவைக்கும்போது உடல்நலமும் கவனத்தில் இருக்க வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பை அப்படியே பற்றவைத்தால் எழும் வெண்புகை, வெல்டருக்குக் குளிர்காய்ச்சலை உண்டாக்கும். குரோம் பூச்சிலிருந்து எழும் புகையும் நஞ்சு. இரு பூச்சுகளையும், பற்றவைக்கும் இடத்தைச் சுற்றிக் கிரைண்டரால் முற்றிலும் நீக்கி, காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்ய வேண்டும். அலுமினியப் படியில் விரிசல் கண்டால், சாதாரணப் பட்டறையில் ஒட்டவைக்க முயலாமல் விட்டுவிடுவதே விவேகம்; வெப்பம் பட்ட இடத்தை ஒட்டி அந்த உலோகத்தின் வலிமை கணிசமாகக் குறைந்துவிடும். அலுமினியப் படியை இரும்புப் பிராக்கெட்டில் பூட்டும்போது இடையே ரப்பர் அல்லது நைலான் வாஷர் வைக்க வேண்டும். இல்லையேல், ஈரம் பட்டவுடன் இரண்டு உலோகங்களுக்குமிடையே மின்வேதி அரிப்புத் தொடங்கி அலுமினியம் வெண்பொடியாக உதிரும்.

வேலை முடிந்தபின், குழாயின் அடியில் இரண்டு சிறு வடிதுளைகள் போட்டு, முனைகளை மூடி, துருவை முற்றிலும் நீக்கி, ரெட் ஆக்சைடு பூசி அதன்மேல் சாயமோ, அல்லது வெற்று இரும்பின்மேல் நேரே பவுடர் கோட்டிங்கோ ஏற்ற வேண்டும். கால் வைக்கும் மேற்பரப்பு வழுக்காத சொரசொரப்புள்ளதாக இருக்க வேண்டும். மழைநாளில் உருண்டைக் குழாயின்மேல் ஈரச் செருப்புடன் ஏறும் பெரியவரை நினைத்துக்கொண்டு செய்தால், இந்த வேலையை எவரும் அலட்சியம் செய்யமாட்டார்கள். போல்ட்டுகள் 8.8 முத்திரையுள்ளவையாக இருக்க வேண்டும். முதல் எண், சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 80 கிலோ இழுவையில் அது அறும் என்பதையும், இரண்டாவது எண், அந்த விசையில் 80 சதவீதம் வரை அது நிரந்தரமாக நீளாது என்பதையும் குறிக்கின்றன. பழைய படியோடு வந்த பழைய போல்ட்டுகளைத் திரும்ப உபயோகிப்பதில் மிச்சமாகும் சில நூறு ரூபாய், மிச்சமே அல்ல. பூட்டிய பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் மறுபடி முறுக்கிப் பார்ப்பது முடிவான காரியம்.

சட்டத்தின் எல்லை

நம் தேசத்தில், 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, வண்டியைத் தயாரித்தவர் குறிப்பிட்டு பதிவுச் சான்றிதழில் (ஆர்.சி.) இடம்பெற்ற விவரங்களுக்கு முரணாக அதை மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவின் கருத்தை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாறுதல் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்க இடம் தந்தது. வண்டியின் முன்புறத்தில் பூட்டும் கிராஷ் கார்டுகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டதும், பாதசாரிகளின் பாதுகாப்பை முன்னிட்டுத்தான். பக்கப்படி கிராஷ் கார்டு ஆகாது. ஆயினும் அந்த நியாயம் இதற்கும் ஓரளவு பொருந்தும். வண்டியின் பக்கவாட்டு எல்லையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கூரிய குழாய், சைக்கிளில் போகிறவருடைய காலுக்கு ஆபத்து. தயாரிப்பாளரே அந்த மாடலுக்கென்று விற்கும் படியைப் பழையதாக வாங்கி, மாற்றமின்றிப் பூட்டுவது எல்லாவற்றிலும் நிர்ப்பயமான வழி. மாற்றியமைத்தே தீரவேண்டுமானால், படி டயரின் வெளி விளிம்புக்கு உள்ளேயே அடங்கவும், முனைகள் உருட்டி மூடப்படவும் வேண்டும். பெரிய மாறுதல் செய்யுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் விசாரித்துக்கொள்வது நலம்.

பழைய பொருளை வாங்கிச் செப்பனிட்டு உபயோகிப்பதில் ஒரு தர்மமும் ஒரு சாமர்த்தியமும் இருக்கின்றன. உருக்கி வார்த்த இரும்பு இன்னொரு வீட்டாருக்குப் பிரயோஜனப்படுவதும், ஊர்ப் பட்டறைக்காரருடைய கைத்திறனுக்கு வேலை கிடைப்பதும், வாங்குகிறவருடைய பணம் மிச்சமாவதும் நல்ல காரியங்களே. ஆனால் பக்கப்படி, ஒருவர் தம் முழு எடையையும் சந்தேகமின்றி ஒப்படைக்கும் பொருள். ஏறுகிற பாட்டியம்மாளோ குழந்தையோ பிராக்கெட்டைக் குனிந்து பரிசோதித்துவிட்டு ஏறப்போவதில்லை. அந்தப் பரிசோதனையை அவர்களுக்காகச் செய்ய வேண்டியவர் வாங்குகிறவர். அடுத்த முறை கடையில் ஒரு பழைய படியின் முன் நிற்கும்போது, அதைக் கவிழ்த்துப் போட்டு, இணைப்புகளைப் பார்த்து, தராசில் நிறுத்து, அளவுக் காகிதத்தோடு ஒப்பிட்ட பிறகே விலையைப் பற்றி வாய் திறக்கட்டும். அப்படிச் செய்து கொடுத்த விலை ஐந்நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அது நியாயமான விலை. அவ்வாறு செய்யாமல் வாங்கியது பாதி விலைக்குக் கிடைத்திருந்தாலும் அதை மலிவென்று சொல்ல இயலாது.